ரோமம் ஒட்டிய யானைகள் கேட்ட கேள்வி

கடந்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு பழைய படத்தின் சில காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. 1952ஆம் ஆண்டுப் படம். பழுப்பு நிறத் திரையில், உடம்பெல்லாம் நீண்ட ரோமம் போர்த்திய யானைகள் வந்ததும் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெண்பலகையில் "இந்தப் படத்தில் உள்ள அறிவியல் தவறுகள்" என்று தலைப்பு எழுதிப் பட்டியல் போடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதினொரு தவறுகள் சேர்ந்துவிட்டன. பாடம் நன்றாகப் போகிறது என்று எனக்குள் ஒரு பெருமை.

அப்போது இரண்டாம் படிவ மாணவி ஒருவர் கையைத் தூக்கினார். "டீச்சர், சிக் பக்கம் எங்க தாத்தா வீட்டுக்கிட்ட போன வருஷம் யானை வந்துச்சு. வாழை, செம்பனைக் கன்னு எல்லாத்தையும் சாய்ச்சிருச்சு. காட்டுல அது எதைப் பார்த்துப் பயந்து வெளியே வந்துச்சு?"

"அது வேற விஷயம்மா. இப்போ படத்துல உள்ள தப்பைச் சொல்லு" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று மறுபடி கை தூக்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினொரு தவறுகளைச் சொன்னவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாத ஒன்றைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்வியை அவருக்குக் கொடுத்ததும் நான் கேலி செய்த அதே படம்தான். அதனால் இந்த வாரம் அந்தப் படத்துக்காகக் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன்.

சேலத்தில் உருவான கலவை

சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் அது. இயக்கியவர் வில்லியம் பெர்க். கதாநாயகன் ராட் கேமரன், கௌபாய் படங்களில் பெயர் வாங்கியவர். உடன் நடித்தவர்கள் மேரி வின்ட்சரும் சீசர் ரொமேரோவும். இந்த ரொமேரோதான் பின்னாளில், 1966இல் தொடங்கிய 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராக வந்து சிரித்தவர்.

கதை சின்னதுதான். காட்டு யானைகள் திடீரென்று வெறிகொண்டு ஊர்களுக்குள் ஓடிவருகின்றன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஓர் இளவரசி, ஓர் அமெரிக்க வேட்டைக்காரர், இன்னும் சிலர் காரணத்தைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். எப்போதோ அழிந்துபோன மாமூத்துகள், அதாவது கம்பளி ரோமம் கொண்ட ஆதிகால யானைகள், அங்கே உயிரோடு இருக்கின்றன.

துப்பாக்கி ஏந்திய நாயகன் தெரியாத நிலத்துக்குள் பயணம் போவது கௌபாய் படத்தின் எலும்புக்கூடு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உயிரினங்களை மிரட்டுவது திகில் படத்தின் இரத்தம். அழிந்த விலங்கு திரும்பி வருவது அறிவியல் புனைவின் மூளை. மூன்றையும் ஒரே உடம்பில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையல் வெளியே தெரிகிறது என்பது உண்மைதான். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் அறிவியல் புனைவுப் படம் என்று இதைப் பல சினிமா ஆர்வலர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இப்படிப்பட்ட கலவை நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 1963இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகவாசி பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திப் போவார். மீட்கப் போவது எம்.ஜி.ஆர். 1972இல் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்தார். எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்து மனிதர். "தமிழ்நாட்டுல ஏது தாத்தா கௌபாய்?" என்று கேட்டால், "படம் நல்லாருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

மன்னிக்கக்கூடிய தவறு

முதலில் ரோமத்தைப் பார்ப்போம். படத்தில் மாமூத்துகளாக நடித்தவை ரோமம் போர்த்திய நம் ஆசிய யானைகள். பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் உறவுமுறையைப் பார்த்தால், இந்த வேடத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமான நடிகர்கள் கிடைக்க மாட்டார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், மாமூத் ஆப்பிரிக்க யானையைவிட ஆசிய யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்திருக்கிறது.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மாமூத் குளிருக்காக உருவான விலங்கு. நீண்ட ரோமம், தோலுக்கடியில் தடித்த கொழுப்பு, வெப்பம் வீணாகாத சிறிய காதுகள். நம் யானைக்கோ அகன்ற காதுகள். அவற்றை விசிறி இரத்தத்தைக் குளிர்விக்கும். அதன் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச முடிகூட வெப்பத்தை வெளியேற்ற உதவுகிறது என்று 2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடர்ந்த ரோமம் கம்பளி போலச் சூட்டைப் பிடித்துவைக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் முடியோ சூட்டைக் காற்றுக்குக் கடத்திவிடும்.

வேறுபாடு இரத்தத்திலும் இருக்கிறது. 2010இல் விஞ்ஞானிகள் சைபீரியப் பனியில் கிடைத்த மாமூத்தின் டி.என்.ஏவைப் படித்தார்கள். அதன்படி பாக்டீரியாவைக் கொண்டு மாமூத்தின் ஹீமோகுளோபினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். ஆசிய யானையின் ஹீமோகுளோபினிலிருந்து அது சில சிறிய மாற்றங்களால் மட்டுமே வேறுபட்டிருந்தது. அந்த மாற்றங்களால்தான் கடும் குளிரிலும் அது ஆக்ஸிஜனை உடலுக்குச் சுலபமாக இறக்கிக் கொடுத்திருக்கிறது.

கடைசி மாமூத்துகள் ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தன. எகிப்தில் கீசா பிரமிடுகள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன. ஆக, மனிதன் நாகரிகம் படைத்த காலத்தில் மாமூத் உயிரோடுதான் இருந்தது. படம் தவறாகச் சொன்னது இடத்தையும் தட்பவெப்பத்தையும்தான்.

இன்னொரு வேடிக்கை. 2025 மார்ச்சில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம், மரபணுக்களை மாற்றி நீண்ட ரோமம் கொண்ட எலிகளை உருவாக்கியதாக அறிவித்தது. அடுத்து ஆசிய யானையின் மரபணுக்களை மாற்றி மாமூத் போன்ற விலங்கை உருவாக்குவது அவர்களின் குறிக்கோள். 1952இல் வேடம் போட்டு ஒட்டிய ரோமத்தை இப்போது மரபணுவிலேயே முளைக்கவைக்கப் பார்க்கிறார்கள்! இதற்குப் பிறகும் அந்தப் படத்தைப் பார்த்து எப்படி முழு மனதோடு சிரிப்பது?

மன்னிக்க முடியாத தவறு

என் பதினொரு தவறுகளில் சேராத ஒன்று உண்டு. "யானைகள் ஏன் ஊருக்குள் வருகின்றன?" என்ற அருமையான கேள்வியைப் படம் கேட்கிறது. பிறகு ஒரு பூதத்தைக் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. பூதத்தைக் காட்டிவிட்டால் யாரும் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

முதலில், யானையை ஓடவைக்க அதைவிடப் பெரிய விலங்கு தேவையே இல்லை. கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் யானைகளுக்குத் தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலான யானைக் குடும்பங்கள் இடத்தைக் காலி செய்தன. 2007இல் வெளியான ஆய்வு இது. பின்னர் இலங்கையின் உடவலவையில் ஆசிய யானைகளிடமும் சோதித்தார்கள். அவையும் பின்வாங்கின. கென்யாவில் விவசாயிகள் இன்று தோட்டத்தைச் சுற்றித் தேன்கூட்டு வேலி கட்டுகிறார்கள்.

அடுத்து, நம் கெடாவுக்கு வருவோம். சிக், பாலிங் பக்கம் வரும் யானைகள் பயந்து ஓடிவருகின்றன என்று நினைப்பதே தவறான தொடக்கமாக இருக்கலாம். ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். அடர்ந்த மழைக்காட்டில் இலைகளில் பெரும்பகுதி உயரத்தில் இருக்கிறது. புல், மூங்கில், வாழை போன்றவை வெளிச்சம் விழும் காட்டோரத்தில்தான் செழிக்கின்றன. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் 2011இல் தொடங்கிய யானை ஆய்வுத் திட்டத்தினர், யானைகளுக்கு ஜி.பி.எஸ் கழுத்துப்பட்டை மாட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். தீபகற்ப மலேசியாவின் யானைகள் காட்டோரங்களையும் அதை ஒட்டிய நிலங்களையும் விரும்பித் தேடிப் போகின்றன என்பதை அவர்கள் கண்டார்கள். நமக்கு அது தோட்டம். யானைக்கு அது சாப்பாட்டு மேசை.

அந்தச் சமவெளிகள் முன்பு யானைகள் நடமாடிய காடுகள். அவை முதலில் பால்மரக் காடாகின, பிறகு செம்பனைக் காடாகின. நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலில் அழைத்துவரப்பட்டதே அந்த வேலைக்குத்தான். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இன்றும் யானை வந்தால் இழப்பு முதலில் விழுவது சின்ன விவசாயி தலையிலும் தோட்டத் தொழிலாளி தலையிலும்தான். இருட்டில் வேலைக்குக் கிளம்புகிறவருக்கு யானை அழகான விலங்கு அல்ல, உயிர்ப்பயம். அந்தப் பயத்தையும் மதிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் நாம் பார்த்தோம். 2025 மே 11, அன்னையர் தினம். பாலிங்கைத் தாண்டினால் வரும் கிரிக்கிலிருந்து ஜெலி செல்லும் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை அந்த லாரியைத் தலையால் முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்ற காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் குறைவு. மாமூத்தைத் திரும்பக் கொண்டுவரப் பணம் செலவாகும் இதே காலத்தில், 1986 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கும் அதன் சொந்தக்காரருக்குச் சாலையைக் கடக்க இடமில்லை.

ரசிகராக இருங்கள்

என் கருத்து இதுதான். இத்தகைய கலவைப் படங்களைக் கூச்சமில்லாமல் ரசியுங்கள். ஒரே படத்தைப் பத்து முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கவனிக்கிறவர்தான் ரசிகர். நுண்ணோக்கியின் முன் உட்காருகிறவருக்கும் அதே பொறுமைதான் வேண்டும். 2022இல் ஜோர்டன் பீல் எடுத்த 'நோப்' படமும் கௌபாய், திகில், அறிவியல் புனைவு மூன்றும் கலந்ததுதான். பெரியவர்களோடு பார்க்க வேண்டிய படம். குதிரை பழக்குகிறவர் நாயகன். வானத்தில் இருப்பது என்ன என்பதைத் துப்பாக்கியால் அல்ல, விலங்குகளின் குணத்தைக் கவனித்துப் பழகிய கண்ணால் கண்டுபிடிக்கிறார். நல்ல அறிவியல் மாணவர் செய்வதும் இதுதானே?

தவறு கண்டுபிடிப்பதோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். அது சுலபமான பாதி வேலை. படம் முடிந்ததும், "இது எந்தக் கேள்வியைக் கேட்டது? அதற்குச் சொன்ன பதில் சரியா? என் ஊரில் அதே கேள்விக்கு என்ன பதில்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கழகக் கூட்டத்தில் அந்த மாணவியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய கேள்வியை வெண்பலகையின் மேலே எழுதினேன். இப்போது எங்கள் மாணவர்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, யானை எங்கே வந்தது, எந்த மாதம் வந்தது, அங்கே என்ன பயிர் இருந்தது என்று கெடா வரைபடத்தில் குறித்துவருகிறார்கள். குழுவுக்குத் தலைவி அவர்தான். வரைபடம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. உங்கள் ஊருக்கும் யானை வந்திருந்தால், இந்த வாரமே வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடத்தைத் தொடங்குங்கள்.