பானை செய்தவன் பெயர் எங்கே?



தை, மாசி மாதங்கள் நமது குடியானவர்களுக்கு அறுவடைக் காலம். பட்டணத்துச் சித்திரக் கண்காட்சிக்காரர்களுக்கும் அதுவேதான் அறுவடைக் காலம். டெல்லியில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதவாக்கில் பெரிய கலைச் சந்தை ஒன்று கூடுகிறது. கொச்சியில் 2012 டிசம்பர் முதல், பழைய வியாபாரக் கிடங்குகளைக் கூட்டி மெழுகி, இரண்டாண்டுக்கொரு முறை என்கிற கணக்கில் ஒரு பெருங் கண்காட்சி நடத்துகிறார்கள். சென்னையிலோ சிறியதும் பெரியதுமாகப் பல காட்சிக் கூடங்கள் இருக்கின்றன. "தற்காலக் கலையும் கைவினையும்" என்று வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட அழைப்புகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. என் கைக்கும் இரண்டு வந்தன.

அரிசி விற்கிற விலையில் நமக்குச் சித்திரக் கண்காட்சி எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒரு பொருளை யார் செய்தது, அது யார் பெயரில் நிற்கிறது, அதற்கான பணம் யார் மடிக்குப் போகிறது என்கிற மூன்று கேள்விகளும் எங்கே எழும்பினாலும் அங்கே நமக்கு வேலை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறேன். சென்னையில் ஒரு கூடத்தில் நடந்த கண்காட்சிக்கு, எங்கள் பக்கத்து ஊர் மண்பாண்டத் தொழிலாளியான ஒரு தோழரை அழைத்துக் கொண்டு போயிருந்தேன். வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கிட்டே வாங்க, இது கோயில் இல்லை" என்றேன். "இல்லீங்கண்ணே, தரை பளபளன்னு இருக்கு" என்றார். உள்ளே நூற்றெட்டுப் பானைகளைக் கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். (நூற்றெட்டு என்கிற எண்ணை எதற்காகப் பிடித்தார்களோ தெரியாது. நூற்றேழாக இருந்தால் கலை குறைந்துவிடும் போலும்!) பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை. அதில் சித்திரக்காரர் ஒருவர் பெயர், வருஷம், "சுட்ட மண், கயிறு" என்கிற குறிப்பு. விலை தனிக் காகிதத்தில் ஆறு லட்ச ரூபாய்.

நமது தோழர் ஒரு பானையை விரலால் சுண்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே கை வேலைங்கண்ணே. நல்லாப் பழகின கை. சூளையை மட்டும் அவசரப்பட்டுப் பிரிச்சிட்டாங்க" என்றார். இதை யார் வனைந்தது என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "கான்செப்ட் ஆர்ட்டிஸ்டோடது சார். பாட்ஸ் எல்லாம் லேபர் வெச்சுப் பண்ணினது" என்று பதில் வந்தது. "லேபருக்குப் பேர் இல்லையாம்மா?" என்று நமது தோழர் கேட்டார். அந்தப் பெண் நல்ல பெண். உள்ளபடியே வெட்கப்பட்டு, விவரப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "இதில் போடவில்லை" என்றது. நானும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மண்ணின் ஞாபகம், வெறுமையின் கர்ப்பம் என்று இருபது பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை என்று அதுவே சொல்லிற்று. புரியாத பாஷையில் சொன்னால்தான் மந்திரத்துக்கு மரியாதை என்று வைத்திருந்தவர்களின் வித்தையை, கலையின் பேரால் பிழைப்பவர்களும் கற்றுக் கொண்டார்கள் என்று எண்ணிக் கொண்டு வந்துவிட்டேன்.

நிற்க. இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். "யோசனைதானே கலை? கை யாருடையதாய் இருந்தால் என்ன?" என்கிறார்கள். யோசிக்கிறவன் தலையில் பிறந்தான், பாடுபடுகிறவன் காலில் பிறந்தான் என்கிற புராணத்துக்கும் இந்தச் சமாதானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன். யோசனை பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. நூற்றெட்டுப் பானையைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றாது. அது தோன்றியவருக்குப் பெயர் போடட்டும், முதலிலேயே போடட்டும். அதற்குக் கீழே பானை செய்தவர் இன்னார், இன்ன ஊர் என்று ஒரு வரி போட்டால் யோசனை எந்த விதத்தில் குறைந்து போகும்? சினிமாவைப் பாருங்கள். டைரக்டரின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, தையல்காரர் பெயர், விளக்குப் பிடித்தவர் பெயர் வரைக்கும் வரிசையாகப் போடுகிறான். சினிமாவுக்கு இருக்கிற யோக்கியதைகூடச் சித்திரச் சாலைக்கு வேண்டாமா?

இது நமது ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2010ஆம் வருஷம் லண்டன் டேட் மாடர்ன் சித்திரச் சாலையின் பெரிய மண்டபத்தில், சீன தேசத்துக் கலைஞர் ஐ வெய்வெய் பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டிப் பரப்பினார். அத்தனையும் பீங்கான். ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது. செய்தவர்கள் சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரத்தைச் சேர்ந்த 1,600க்கு மேற்பட்ட தொழிலாளர்கள். ஐ வெய்வெய் அதை ஒளிக்கவில்லை, அவர்கள் வேலை செய்வதைப் படம் பிடித்தும் காட்டினார். அந்த அளவுக்கு யோக்கியர் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஒன்று, ஊர் ஒன்று, மீதியெல்லாம் தொகை!

இதைவிட நயமான ஒரு வாதம் ஜப்பானிலிருந்து வந்தது. யானகி சோயெட்சு என்கிற அறிஞர், சாதாரண ஜனங்கள் அன்றாடம் புழங்கும் கிண்ணம், கூடை, துணி ஆகியவற்றில்தான் உண்மையான அழகு இருக்கிறது, பெயர் வேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் செய்வதால்தான் அந்த அழகு வருகிறது என்று எழுதினார். 1936இல் டோக்கியோவில் இதற்கென்று ஒரு காட்சிச் சாலையும் திறந்தார். முன் பாதியை நான் இரண்டு கையையும் தூக்கி ஒப்புக் கொள்ளுகிறேன். ஏழை வீட்டுக் கிண்ணத்தைக் காட்சிச் சாலையில் ஏற்றியவரை எப்படிக் குறை சொல்ல முடியும்? ஆனால் பின் பாதி? பெயரில்லாமையே அழகு என்று சொன்னவருக்குப் பெயர் இருந்தது. அவருடைய கூட்டாளியாயிருந்து பானை வனைந்த ஹமாதா ஷோஜிக்கும் பெயர் இருந்தது. அவரை 1955இல் அந்தத் தேசத்துச் சர்க்கார் உயிருள்ள தேசியப் பொக்கிஷம் என்றே கௌரவித்தது. பெயரில்லாமையின் பெருமையை எழுதியவர்கள் எல்லாம் பெயருள்ளவர்கள். பெயரில்லாத குயவன் ஒருவனாவது "எனக்குப் பெயர் வேண்டாம், இதுவே அழகாயிருக்கிறது" என்று எழுதி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"நம் முன்னோர் பெயருக்கு ஆசைப்படாதவர்கள்" என்று இங்கேயும் சிலர் மேடையில் உருகுவார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கல்லில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் வெட்டியிருக்கிறது. ஆடுவதற்குக் கொண்டுவரப்பட்ட நானூறு பெண்களின் பெயரும் இன்ன தெரு, இன்ன வீடு என்று அதே கோயிலில் வெட்டியிருக்கிறது. ராஜா காலத்து நியாயத்தை நான் புகழ வரவில்லை. கல் சுமந்தவன் பெயர் அங்கேயும் இல்லை. ஆனால் பெயர் போடுவது நமது வழக்கமல்ல என்று மட்டும் யாரும் கதை விடக் கூடாது.

பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லுவதாகவும் எண்ணிவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் பாடன்கட் என்கிற ஊரில் ஜங்கட் சிங் ஷ்யாம் என்று ஒரு கோண்டு வாலிபர் வீட்டுச் சுவர்களில் சித்திரம் எழுதிக் கொண்டிருந்தார். ஓவியர் சுவாமிநாதன் போபாலில் நடத்தி வந்த பாரத் பவனுக்கு அவர் வந்து சேர்ந்தார். அந்த நிலையம் 1982இல் திறந்தது. அங்கே சுவாமிநாதன் கிராமத்தார் எழுதிய சித்திரங்களையும் பட்டணத்தார் எழுதியவற்றையும் சமமாக மாட்டினார். அந்தக் காரியத்துக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1989இல் பாரிஸ் நகரத்துப் பெருங் கண்காட்சியில் ஜங்கட்டின் பெயரே அட்டையில் நின்றது. பிறகு? 2001இல் ஜப்பானில் ஒரு காட்சிச் சாலையில் தங்கிச் சித்திரம் எழுதிக் கொண்டிருந்த காலத்தில், நாற்பது வயது நிறையுமுன் அவர் தூக்கிட்டுக் கொண்டார். 1988இல் அவர் எழுதிய சிலந்திச் சித்திரம் ஒன்று 2010இல் நியூயார்க் ஏலத்தில் 31,250 டாலருக்குப் போயிற்று. உயிரோடு இருந்தபோது அவருக்கு என்ன கொடுத்தார்கள், எந்த நிபந்தனையின் மேல் அழைத்துப் போனார்கள் என்கிற கணக்கை அட்டையில் தேடினால் அகப்படாது. ஆதலால் பெயரோடு கூலியையும் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கலை வேறு, கைத்தொழில் வேறு, முன்னது மேல், பின்னது கீழ் என்று பேசுகிறவர்கள் சென்னையை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்தால் போதும். சென்னைக் கலைக் கல்லூரித் தலைவராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் அந்த இடத்தை வாங்கினார்கள். வாங்கப் பணம் ஏது? சித்திரம் விற்றா? சித்திரத்தை அப்போது யார் வாங்கினார்கள்? மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் மற்றக் கைவினைப் பொருள்களையும் அவர்களே செய்து விற்றுச் சேர்த்த பணந்தான் கைகொடுத்தது. கலைக்குச் சோறு போட்டது கைத்தொழில். சோறு போட்டவளைப் பந்தியில் உட்காரக் கூடாது என்று சொல்லுகிற வீடு நமக்குப் புதிதல்ல.

இந்த வருஷத்துக் கண்காட்சிகளுக்கு நமது தோழர்கள் அவசியம் போக வேண்டும். தனியார் கூடங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. நம்மைத் தடுப்பது அந்தப் பளபளப்புத் தரையும் குளிர்காற்றும் இங்கிலீஷுந்தானே ஒழிய வேறல்ல. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள், பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லுங்கள். பக்கத்திலிருப்பவன் தலையாட்டுகிறான் என்பதற்காக நாமும் ஆட்ட வேண்டியதில்லை. அதேபோல, புரியவில்லை என்பதற்காக எல்லாம் மோசடி என்று சொல்லிவிட்டுத் திரும்புவதும் அறிவுடைமை ஆகாது. நின்று பாருங்கள், கேளுங்கள். மண்ணோ மரமோ நூலோ கண்டால், இதை யார் செய்தது, அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். விற்ற விலையில் கூடக்காரருக்கு மூன்றிலொரு பங்கு, சில இடத்தில் பாதி என்று கணக்கிருக்கும்போது, பானைக்காரனுக்கு எத்தனையிலொரு பங்கு என்று கேட்பதில் தப்பென்ன?

மேலே சொன்ன தோழரைத் தேடிக்கொண்டு போன மாதம் பட்டணத்திலிருந்து ஒரு சித்திரக்காரர் வந்தாராம். வரப்போகும் கண்காட்சிக்கு இருநூறு பானை வேண்டும், ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய் என்று பேசி முன்பணமும் கொடுத்திருக்கிறார். "பேரைப் போடச் சொல்லிக் கேட்கலாமாண்ணே? கேட்டால் ஆர்டரை வேறே ஊருக்குக் கொடுத்திடுவாரோ?" என்று என்னிடம் வந்து கேட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. இருபத்துநாலாயிரம் ரூபாய் ஆர்டர். கேளுங்கள் என்று சொல்ல எனக்குச் சுலபம், ஆர்டர் போனால் நஷ்டம் எனக்கில்லை. அதனால் இருவருமாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். பானைகளை ஒப்புக்கொண்டபடி ஒப்புக்கொண்ட நாளில் கொடுக்கிறேன், அட்டையில் என் பெயரும் ஊரும் ஒரு வரி வந்தால் சந்தோஷப்படுவேன் என்று நாலே வரி. அந்த ஒரு வரிக்குக் கூலியில் எதையும் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதையும் கீழே சேர்க்கச் சொன்னேன். அவர் வேண்டாமென்றார். விட்டுவிட்டேன்.

கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. சூளை மட்டும் மூட்டியாகிவிட்டது. மாசியில் கண்காட்சி திறக்கிறது. அட்டையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.