பாலமும் பாஸ்புக்கும்

கார்டன் ரீச் என்றாலே கப்பல் கட்டும் ஜிஆர்எஸ்இ தான். அவர்கள் பெய்லி வகைப் பாலமும் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி வடிவமைத்த பாலம் அது. 10 அடி நீளம், 5 அடி உயரத்தில் ஒரே மாதிரி இரும்புச் சட்டங்கள். ஆறு பேர் தூக்கி வந்து கோத்துக்கொண்டே போகலாம்.

வெப் பக்கத்தையும் அப்படித்தான் கட்டவேண்டும் என்பது என் கட்சி.

காமர்ஸ் படித்த உனக்கெதற்கு இது என்கிறீர்களா? சொல்கிறேன். இங்குள்ள நம்மவர்களின் பொங்கல் வசூலுக்கு ஒரு கணக்குப் பக்கம் எழுதினேன். தொகைப் பெட்டியை 7 இடத்தில் காப்பி அடித்து ஒட்டினேன். ஒவ்வொன்றும் தன் தொகையைத் தானே வைத்துக்கொண்டது. புதிதாக 500 ரூபாய் வந்ததும் ஆறு பெட்டிகள் மாறின, ஒன்று மாறவில்லை.

"மீதி 500 எங்கே போச்சு?" என்றார் ஒரு மாமி. அதுவும் பேங்க்காரனிடம்! அன்றிரவு தூக்கம் போச்சு.

பிறகு ப்ரியாக்ட்டுக்கு மாறினேன். சுமார் 3 கேபி அளவுள்ள குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. இப்போது பெட்டி ஒரே ஒரு ஃபங்ஷன். தொகையைக் கொடுத்தால் பெட்டியைத் தரும். அதே தொகைக்கு எப்போதும் அதே பெட்டி. லட்சத்துக்குக் கமா சேர்க்க ஓரிடத்தில் திருத்தினேன், ஏழும் மாறின.

பாஸ்புக் லெட்ஜரில் உள்ளதை அச்சடிக்கும், தானாகக் கூட்டாது. பெட்டியும் அப்படித்தான் இருக்கவேண்டும். மெனு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா போன்ற சில்லறை விஷயங்களை அதுவே வைத்துக்கொள்ளட்டும். காசை வைத்துக்கொள்ளக் கூடாது.

வெப் டிசைன் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே, பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்குமுன் ஒன்று கேளுங்கள்: லெட்ஜர் எங்கே?