சுற்றுலாப் பட்டியலில் இல்லாத பெயர்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில் எமது பங்குகளில் ஞாயிறு திருப்பலியின் முடிவிலே ஓர் அறிவித்தல் வாசிக்கப்படுவது வழக்கம். இளைஞர் ஒன்றியமோ, மாதர் சங்கமோ, மறைக்கல்வி ஆசிரியர்களோ ஒரு சுற்றுலாவை ஒழுங்கு செய்திருப்பார்கள். போகும் இடம், புறப்படும் நேரம், தலைக்கு இவ்வளவு என்ற தொகை, பெயர் பதிய வேண்டிய கடைசித் திகதி ஆகியன சொல்லப்படும். ஆசனங்கள் குறைவு, முந்திக்கொள்ளுங்கள் என்று அறிவித்தல் முடியும். பிள்ளைகளின் முகங்கள் மலரும். அன்று கோவில் முற்றத்தில் பேச்செல்லாம் அதுவாகவே இருக்கும்.

இந்த அறிவித்தலைப் பற்றித்தான் வாசகர்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறேன். கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் ஏட்டில் சுற்றுலாவுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். கிணறு, வாய்க்கால், கடனுதவி, கூட்டுறவு என்று நாம் நிறையப் பேசுகிறோம். மக்கள் எப்படி மகிழ்கிறார்கள், யாரோடு சேர்ந்து மகிழ்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் ஒரு சமூகம் யாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே விடுகிறது என்பதை அதன் கூட்டங்களைவிட அதன் கொண்டாட்டங்களே தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

சுற்றுலா வீண்செலவு என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு பிள்ளையின் படிப்பைப் பார்க்கலாம், ஒரு வீட்டின் கூரையை வேயலாம் என்பார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அரச உத்தியோகத்தருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. கடற்றொழிலாளிக்கும், வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் அப்படி ஒன்று இல்லை. காற்றும் மழையும் தொழிலை நிறுத்தும் நாட்கள் அவர்களுக்கு ஓய்வு நாட்கள் அல்ல, அடுப்பு எரியாத நாட்கள். 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் தனது 24 ஆவது உறுப்புரையில் ஓய்வை எல்லா மனிதருக்கும் உரிய உரிமையாக வைத்திருக்கிறது. ஏழில் ஒரு நாளை ஓய்வுக்கென ஒதுக்கிய விவிலியச் சட்டமோ மிகப் பழமையானது. அந்த ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டுமல்ல, வேலைக்காரருக்கும் அந்நியருக்கும் மாட்டுக்கும்கூட உரியது என்பதே அச்சட்டத்தின் சிறப்பு.

எமது பகுதி மக்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 1990 இல் தலைமன்னார் ரயில் சேவை நின்றது. பாஸ் இல்லாமல் ஊர் தாண்ட முடியாத ஆண்டுகள் வந்தன. 2002 இல் திறக்கப்பட்ட ஏ-9 பாதை 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. யாத்திரைத் தலமான மடுவே அகதிகளின் இருப்பிடமாயிற்று. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில்தான் திரும்பி வந்தது. அந்நாட்களில் எமது மக்கள் செய்த பயணமெல்லாம் ஓட்டம். மூட்டை கட்டியதெல்லாம் உயிர் தப்ப. 2013 இல் மடு வீதி வரையும், 2015 இல் தலைமன்னார் வரையும் ரயில் மீண்டும் வந்தபோது, இருபது வயது கடந்தும் ரயிலில் ஏறியிராத இளைஞர்கள் எம்மிடையே இருந்தார்கள். காலையில் புறப்பட்டால் இரவில் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருவோம் என்ற நிச்சயத்தோடு போகும் பயணம் இம்மக்களுக்குச் சிறிய காரியம் அல்ல.

ஆகவே சுற்றுலா வேண்டுமா, வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல. யார் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

இதை நான் தூரத்தில் நின்று கேட்கவில்லை. 2010 இல், போர் முடிந்தபின் எமது பங்கில் ஒழுங்கு செய்யப்பட்ட முதற் சுற்றுலாவுக்குப் பெயர் பதிந்தவன் நான். மதவாச்சி, தம்புள்ளை, கண்டி வழியாக நுவரெலியா போவதென்று ஏற்பாடு. கொப்பி ஒன்றில் பெயர்களை எழுதி, பணம் தந்தவருக்கு நேரே அடையாளம் இட்டு வந்தேன். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே மட்டும் அடையாளம் விழவில்லை. தகப்பனைப் போரில் இழந்த வீடு. தாய் கருவாட்டு வாடியில் கூலி வேலை. கடைசி நாளன்று பலர் நிற்கும்போது, "என்ன பிள்ளை, காசு எங்கே?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். "எனக்குக் காய்ச்சல் அண்ணா, நான் வரேல்லை" என்றாள். அன்று மாலையே அவள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆசனத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம்.

பஸ் நிறைந்து போனது. பாட்டும் கைதட்டலுமாகப் போய்வந்தோம். அடுத்த ஞாயிறு கோவில் முற்றத்தில் சுற்றுலாப் படங்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது அவள் பாடகர் வரிசையில் இல்லை. அதன்பின் பல மாதங்கள் தாயோடு கடைசி வாங்கில் இருந்துவிட்டு, திருப்பலி முடிந்ததும் போய்விடுவாள். ஒன்றுகூடுவதற்காக நாம் செய்த காரியம் ஒரு பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. அதற்கு யாருடைய பகையும் காரணமல்ல. என் கையிலிருந்த கொப்பியும், நான் கேட்ட கேள்வியுமே காரணம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தலைக்கு 2500 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 12,500 ரூபா. பிள்ளைக்கு ஒரு நல்ல உடுப்பு, வழியில் வாங்கும் தின்பண்டம், வீட்டில் நிற்கும் கிழவிக்கு ஏதாவது வாங்கி வருதல் என்று இன்னும் சில ஆயிரம். நாட்கூலிக்குப் போகும் வீட்டில் இது பல நாள் உழைப்பு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. அன்று உயர்ந்த வாகனக் கூலியும் சாப்பாட்டு விலையும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தாய் எங்கே போவாள்? நகையை அடகு வைப்பாள், அல்லது நுண்கடன் குழுவில் கேட்பாள். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை நாம் மறந்துவிடலாகாது. ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஓராண்டுத் தவணை கட்டும் வீடும், காய்ச்சல் என்று பொய் சொல்லும் வீடும் எமது பங்கில் அடுத்தடுத்தே இருக்கின்றன.

"கஷ்டப்பட்டவர்கள் வந்து சொன்னால் நாம் உதவமாட்டோமா?" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. வந்து சொல்வதுதான் அவர்களால் முடியாதது. உதவி பெற்றுப் போன பிள்ளைக்கு அதை நினைவூட்ட ஒரு வார்த்தை போதும், பஸ்ஸில் ஜன்னலோர ஆசனத்துக்குச் சண்டை வரும்போது அந்த வார்த்தை வந்துவிடும். பிச்சையாகக் கொடுக்கும் ஆசனத்தைவிட வீட்டிலிருப்பது மேல் என்று மானமுள்ளவர்கள் எண்ணுவதில் என்ன தவறு?

பட்டியலில் இல்லாத பெயர்கள் பணத்தால் மட்டும் விடுபடுவதில்லை. போரில் காலை இழந்தவரால் பஸ்ஸின் உயர்ந்த படியில் ஏற முடியாது, ஆகவே அவரை யாரும் கேட்பதில்லை. வயது போனவர்கள் வழியில் இடைஞ்சல் என்று விடப்படுகிறார்கள். இன்னொரு கூட்டம் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தும் சுற்றுலாவுக்குப் போகாதவர்கள் அவர்கள். எமது தாய்மாரைத்தான் சொல்கிறேன். முதல்நாள் இரவு முழுவதும் நித்திரை முழித்துச் சோறு கட்டுகிறார்கள். போன இடத்திலும் அடுப்பு மூட்டுகிறார்கள். மற்றவர்கள் கடலில் குளிக்கும்போது பாத்திரம் கழுவுகிறார்கள். இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை.

எமது முன்னோர் இதைவிட நன்றாகச் செய்தார்கள் என்று பழம்பெருமை பேச நான் வரவில்லை. அவர்களிடமும் சாதிப் பிரிவினை இருந்தது, கோவிலுக்குள்ளேயும் இருந்தது. ஆனால் மடு யாத்திரை பற்றி மூத்தவர்கள் சொல்லும் ஒரு விடயம் சிந்திக்கத்தக்கது. மாட்டு வண்டிகளில் பாத்திரம் பண்டமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஊராகவே போவார்கள். வண்டி இல்லாதவர்களின் மூட்டையும் சின்னப் பிள்ளைகளும் வண்டி உள்ளவர்களோடு ஏறிக்கொள்ளும். மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். காட்டிலே மரநிழலில் கொட்டில் போட்டுத் தங்கி, சேர்ந்து சமைத்து உண்பார்கள். தமிழரும் சிங்களவரும் கத்தோலிக்கர் அல்லாதாரும் அங்கே அயலவராகக் கிடப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று அங்கே கணக்கு இருக்கவில்லை. நாட்டுக்கூத்தும் அப்படித்தான். பல மாதங்கள் இரவிரவாகப் பழகும் அந்தக் களரியில் குரல் உள்ளவன் பாடுவான், இல்லாதவன் பந்தல் போடுவான், ஊர் முழுவதும் பார்த்திருக்கும். ஆசனக் கணக்கோடு வந்த நவீன சுற்றுலா, வண்டியின் விலையோடு சேர்த்து இந்த முறைமையையும் மாற்றிவிட்டது.

அபிவிருத்திப் பணியாளராகிய எம்மையும் இங்கே குறை சொல்ல வேண்டும். மக்களைக் கூட்டிப் போக நிதி கிடைத்தால் நாம் அதைக் களப்பயணம் ஆக்கிவிடுகிறோம். மாதிரிப் பண்ணையைக் காட்டி, குறிப்பெழுதச் சொல்லி, மாலையில் கருத்தரங்கும் வைக்கிறோம். இன்னொரு ஊரின் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஏழை மனிதன் எதையாவது கற்றுக்கொண்டால்தான் வெளியே போகலாம், வசதியுள்ளவன் சும்மா போகலாம் என்பது என்ன நீதி? ஒரு தாய் கடலையோ மலையையோ பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு நாள் வேண்டும். அதற்கு அறிக்கை தேவையில்லை.

என்ன செய்யலாம்? என் அனுபவத்திலிருந்து சிலவற்றை முன்வைக்கிறேன்.

சுற்றுலாவை ஓராண்டுக்கு முன்பே தீர்மானித்துப் பொது நிதியொன்றைத் தொடங்கலாம். ஒரு நாட் பாட்டின் மீனைக் கோவிலுக்கு விடும் பழக்கம் கரையோரப் பங்குகளில் உண்டு. அதுபோல ஒரு பாடு, ஒரு சிரமதானம், ஒரு கூத்தின் வசூல் என்று பலரது உழைப்பும் அதில் சேரட்டும். உழைப்பால் சேர்த்த நிதியில் போகும் பிள்ளை யாருடைய பிச்சையிலும் போகவில்லை. மிகுதிக்குப் பணம் வேண்டுமானால், இயன்றதை உறையிலிட்டுப் பெட்டியில் போடச் சொல்லலாம். பெயருக்கு நேரே அடையாளமிடும் கொப்பி வேண்டாம்.

நிதி போதாவிட்டால் தூரத்தைக் குறைப்போம். பாதிப்பேர் நுவரெலியா போவதைவிட முழுப் பங்கும் பக்கத்துக் கடற்கரைக்குப் போவது மேல். சமையலை அன்று ஆண்கள் பொறுப்பேற்கட்டும். முடியாவிட்டால் பக்கத்துப் பங்கின் மாதர் சங்கத்துக்குப் பணம் கொடுத்துச் சாப்பாடு எடுக்கலாம், அவர்களுக்கும் அது வருமானம். பஸ்ஸில் முதல் இரு வரிசைகள் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்குவோம். மதுப் போத்தலுக்குப் பஸ்ஸில் இடமில்லை என்பதையும், நீச்சல் தெரிந்த பெரியவர் துணையின்றி எவரும் நீரில் இறங்கலாகாது என்பதையும் அறிவித்தலிலேயே சொல்லிவிடுவோம்.

இவையெல்லாம் சிறிய ஒழுங்குகள். ஆனால் ஏழையின் மானம் புண்படுவதும் சிறிய ஒழுங்கீனங்களால்தான்.

அன்று காய்ச்சல் என்று சொன்ன பிள்ளை இன்று ஒரு தாய். அவளுடைய மகன் எமது மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறான். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எப்பவோ அண்ணா" என்று சிரித்தாள். ஆனால் அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கடந்த முறை சுற்றுலா அறிவித்தல் வாசிக்கப்பட்டபோது, மகன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

அடுத்த விடுமுறைக்கும் அறிவித்தல் வரும். அதற்கு முன்னே பங்குச் சபையினரும், இளைஞர்களும், மாதர் சங்கத்தினரும் ஒரு மாலை கூடியிருந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். போகக்கூடியவர்களின் பட்டியல் அல்ல, சென்ற முறை வராதவர்களின் பட்டியல். அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீடாகப் போய் அன்போடு விசாரியுங்கள். பஸ்ஸுக்கு முற்பணம் கட்டுவது அதன் பிறகு ஆகட்டும்.