நீர்க்காகம் எமது மீனைத் திருடுகிறதா?

மாரி மழையில் குளங்கள் நிறைந்ததும் கரவெட்டிப் பகுதிக் குளக்கட்டுகளிலும் வல்லைவெளியை ஒட்டிய நீரேரியிலும் நீர்க்காகங்களைக் காணலாம். சொந்தக் காணியை விட்டு வந்து, பிழைப்புக்காகக் குளத்தில் மீன்குஞ்சு விட எண்ணும் குடும்பங்களுக்கு இப்பறவை கண்ணில் குத்துவது இயல்பே. 'சுட்டுத் தள்ளினால் என்ன, மருந்து வைத்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கலாகாது. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் குற்றவாளியை அறிந்துகொள்ள வேண்டாமா?

இலங்கையில் நீர்க்காகத்தில் மூன்று இனங்கள் உண்டு. குளங்களில் அதிகம் காணப்படுவது சின்ன நீர்க்காகம். அதன் நிறை ஏறக்குறைய அரைக் கிலோ. கொண்டை நீர்க்காகம் சற்றுப் பெரியது. பெரிய நீர்க்காகம் இங்கு அரிது. ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா எங்கும் பரந்து வாழ்வது அதுவே.

வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் வெளியிறகிலோ நீர் ஊறும். இது குறைபாடு அன்று. இறகு நனைந்தால் மிதப்புக் குறையும், சுழியோடுவது இலகுவாகும். நான்கு விரல்களையும் இணைக்கும் தோல் அதற்குத் துடுப்பு. நுனி வளைந்த அலகு வழுக்கும் மீனை நழுவவிடாது. முள் தொண்டையில் குத்தாதபடி மீனைத் தலைப்பக்கமாகவே விழுங்கும். பின்னர் கரையேறிச் சிறகை விரித்து வெயிலில் காயும். நீரோரத்து மரங்களில் கொக்கு, நாரைகளோடு கூட்டமாகக் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு, பெற்றோரின் தொண்டைக்குள் தலையை நுழைத்து இரை எடுக்கும்.

சின்ன நீர்க்காகம் தின்பது பெரும்பாலும் சிறுமீன். தவளையும் இறாலும் உண்டு. சந்தைக்குப் போகும் பெரிய மீனை அது விழுங்க இயலாது. ஆயினும் புதிதாக விட்ட குஞ்சுகளுக்கு அதனால் சேதம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மரத்தில் நெடுங்காலம் கூடு கட்டினால் எச்சத்தால் மரம் பட்டுப்போவதும் உண்மை.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் செங்கல்பட்டுக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்காகமும் கொக்கும் நாரையும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூர் விவசாயிகள், பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்தனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் எழுத்தில் ஏற்றார். அரசாங்கம் சொல்லுமுன்னரே கமக்காரர் கண்டறிந்த உண்மை இது.

எமது குளங்களில் மீன் குறைவதற்குப் பறவையைவிடப் பெரிய காரணங்கள் உள்ளன. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்துபோகின்றன. குளங்கள் குப்பை கொட்டும் இடமாகின்றன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுமீறி அடிக்கும் மருந்து மழைநீரோடு குளத்தில் சேர்கிறது. நீர்க்காகத்துக்கு வைக்கும் நஞ்சும் அதே நீரில்தான் கலக்கும். குளத்து நீர் நிலத்தில் இறங்கி எமது கிணறுகளில் ஊறுகிறது என்பதை மறந்துவிடலாமா?

ஆகவே செய்யக்கூடியவை சில உண்டு. மிகச் சிறிய குஞ்சுகளை விடாது, சற்று வளர்ந்தவற்றை விடுவோம். மீன் ஒளிந்துகொள்ள, முட்கொப்புகளை நீரில் ஆங்காங்கே அமிழ்த்தி வைப்போம். சிறு குளமாயின் மேலே கயிறுகளைக் குறுக்காகக் கட்டி, முதற் சில வாரங்கள் காவல் இருப்போம். கரையில் நிற்கும் மருதமரங்களைத் தறிக்காது விடுவோம். தூர் வாரும் வேலையைக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் முன்வைப்போம். அந்த ஊரவரும் அங்கு வந்து குடியிருப்பவரும் ஒன்றாக மண்வெட்டி எடுப்போம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, 'வந்தவர்களால்தான் தண்ணீர் குறைகிறது' என்ற சொல் கிணற்றடிகளில் எவ்வளவு நோகச் செய்தது என்பதை நாம் அறிவோம். உள்ளது குறையும்போது, பிறகு வந்தவர் மேல் பழி போடுவது இலகு. குறைந்ததன் காரணத்தைத் தேடுவதே கடினம். அந்தக் கடினமான வேலையை எமது குளத்தில் தொடங்குவோம். நீர்க்காகம் சுழியோடும் குளத்தில் மீன் இருக்கிறது. அது வராத குளத்தைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.