இல்லமும் நலமும்: மீந்துபோன மாத்திரைகள்

கண்ணிமையின் தொய்வை நீக்குதல், மூக்கின் வடிவைச் சீர்செய்தல் போன்ற அழகுக்கான அறுவைச் சிகிச்சைகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. காலையில் சென்றவர் மாலையில் வீடு திரும்புகிறார். நோவைக் கவனிக்கும் பொறுப்பு அன்று முதல் குடும்பத்தாரைச் சேருகிறது. கூடவே ஒரு மாத்திரைக் குப்பியும் வீட்டுக்கு வருகிறது. அக்குப்பியைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

அதில் பல வேளைகளில் இருப்பவை ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் முதலிய அபின் இன மருந்துகள். இவை கடும் நோவைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மனிதனைப் பழக்கத்துக்கு அடிமையாக்கவும், அளவு மிஞ்சினால் மூச்சை அடக்கவும் வல்லவை. மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

சிறிய சிகிச்சைதானே, என்ன கேடு விளையும் என்று சிலர் கேட்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 36,000-க்கும் மேற்பட்ட நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். சிகிச்சைக்கு முந்திய ஓராண்டில் இம்மருந்துகளை உண்ணாதிருந்தவருள் 100-க்கு ஏறக்குறைய 6 பேர், 3 மாதங்கள் கடந்த பின்னும் அவற்றை வாங்கினர். பெரிய சிகிச்சை பெற்றவரிடையிலும் சிறிய சிகிச்சை பெற்றவரிடையிலும் இவ்விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே காயத்தின் நோவு மட்டுமே இதற்குக் காரணமாகாது என்பது தெளிவு.

அப்படியாயின் பல்லைக் கடித்துக்கொண்டு நோவைப் பொறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1957 பிப்ரவரி 24 அன்று மயக்க மருத்துவர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மருந்தால் நோவைத் தணித்துக்கொள்வது கிறிஸ்தவருக்குத் தகாததன்று என விளக்கினார். நோவைப் போக்குவது நன்றே. எதனால், எத்தனை நாள் என்பதே கேள்வி.

சிறிய சிகிச்சைகள் பலவற்றுக்குப் பின் பாராசிட்டமாலே போதும். இரத்தக் கசிவுக்கு இடமுண்டா என்று அறிந்து, மருத்துவர் இசைந்தால் ஐபுபுரோஃபெனும் சேர்க்கலாம். அபின் இன மருந்து தேவைப்படின், முதற் சில நாட்களுக்கு மட்டும் போதுமான அளவையே கேட்டுப் பெறுக. ஹைட்ரோகோடோன் மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருப்பதுண்டு. அறியாமல் இரண்டையும் உண்டால் ஈரல் கெடும்.

நோவு தீர்ந்ததும் மீந்ததைப் பின்னொரு நாள் உதவுமென அலமாரியில் வைத்தல் தகாது. குழந்தையின் வாய்க்கும், வழிதவறும் இளைஞனின் கைக்கும் அது எட்டிவிடும். அமெரிக்காவில் பல மருந்துக்கடைகள் இவற்றைத் திரும்பப் பெறுகின்றன.

நம் நாட்டிலும் இவ்வினத்தைச் சேர்ந்த டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆகவே கடல்கடந்து வாழும் பிள்ளைகளுக்கு இதனை எழுதுவோர், தம் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. நோவு விடைபெற்ற நாளிலேயே அதன் மருந்துக்கும் விடைகொடுப்போம்.