வழக்குக்காகத் தயாரிக்கும் காட்சிப்படங்கள்: எங்கள் நிலைப்பாடு

சம்பவம் நடந்தபோது கேமராவில் பதிவான காட்சி வேறு. நடந்தது இப்படித்தான் என்று வழக்குக்காகப் பிறகு தயாரித்த காட்சி வேறு. முன்னதை நீதிமன்றம் தாராளமாகப் பார்க்கட்டும். பின்னதை, தயாரித்தவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு உட்படும் வரை திரையில் ஓடவிடக் கூடாது. கடலூர், சிதம்பரம் நீதிமன்றங்களில் ஏழைகளுக்காக வழக்காடும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

ஜூரி முறைதான் போய்விட்டதே, நீதிபதி படத்துக்கு மயங்குவாரா என்று கேட்கிறார்கள். ஜூரி தவறக்கூடும் என்பது உண்மைதான்: 1945-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது ஜூரி. 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். ஜூரி காரணம் எழுத வேண்டியதில்லை, நீதிபதி எழுத வேண்டும். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் கண்முன் ஓடிய காட்சி மனத்தில் செய்யும் வேலை தீர்ப்பின் எந்தப் பத்தியிலும் பதிவாகாது.

கொலை வழக்கில் புலனாய்வு அதிகாரி சம்பவ இடத்தைப் பார்த்துப் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். மரம், கிணறு, ரத்தக்கறை எல்லாம் அவர் கண்ணால் கண்டவை. ‘இங்கே நின்று வெட்டினார்’ என்று வைக்கும் புள்ளியோ சாட்சி சொல்லக் கேட்டது. அத்தகைய குறிப்பைச் சான்றாக ஏற்க முடியாது என்று டோரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டது. வழக்குக்காகத் தயாரித்த அனிமேஷனில் ஒவ்வோர் அசைவும் அப்படிப்பட்ட புள்ளிதான். காகிதத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு திரைக்கு ஏன் இல்லை?

அசல் பதிவையும் அப்படியே நம்பிவிட முடியாது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமராப் பதிவு முக்கியச் சான்று. அதில் இருப்பது தான் அல்ல என்றார் ஒரு சாட்சி. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே போய் நேரில் ஆய்வு செய்தார்கள். அந்த அக்கறையை எல்லா நீதிமன்றங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பு மாறவில்லை என்று காட்ட அது உதவும். கோப்பில் உள்ள கதை உண்மை என்பதற்கு அது சான்றாகாது.

மெமரி கார்டில் உள்ள பதிவும் ஆவணமே, அந்தரங்கம் சார்ந்தவை தவிர அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணைக்குப் போதிய நாள் முன்னதாகவே அந்த நகல் கைக்கு வர வேண்டும். அதைச் சோதிக்க நிபுணரை அமர்த்த வசதியில்லாதவருக்கு, அந்தச் செலவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்க வேண்டும்.