சீசனுக்கு ஒரே கதையா? போதும்டா சாமி!

போன மாசம் அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். ராத்திரி சாப்பிட்டதும், "நீ பாக்குற இங்கிலீஷ் நாடகம் ஒண்ணு போடுடா, நானும் பாக்குறேன்"னார். நானும் ஆர்வக்கோளாறுல 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' மூணாவது சீசன்ல விட்ட இடத்துலேர்ந்து போட்டேன்.

பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சார். "இவ யாரு? எதுக்கு அழறா?" பதில் சொல்லணும்னா முதல் சீசன் கிளிங்கான் போர்லேர்ந்து வரணும். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எபிசோட் முடிஞ்சுடுச்சு. கதை மட்டும் முடியல. "சரி, நீ பாரு"ன்னு தூங்கப் போயிட்டார்.

மறுநாள் அதே ஸ்டார் ட்ரெக் குடும்பத்தோட பழைய தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்'ல 1992ல வந்த 'தி இன்னர் லைட்' போட்டேன். (பாக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க!) கப்பல்ல கேப்டன் பிக்கார்ட் மயங்கிக் கிடக்கறது வெறும் 25 நிமிஷம். அதுக்குள்ள வேற ஒரு கிரகத்துல கல்யாணம், குழந்தை, பேரன்னு ஒரு முழு ஆயுசு வாழ்ந்துடறார். அந்தக் கிரகம் அழிஞ்சு ஆயிரம் வருஷம் ஆச்சு. கடைசில கையில மிஞ்சறது ஒரு புல்லாங்குழல். ஸ்டார் ட்ரெக்னா என்னன்னே தெரியாத அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அந்தக் குழலை இவன் கடைசி வரைக்கும் வச்சிருப்பான்ல?"ன்னார்.

முக்கால் மணி நேரம். முன்கதை தேவையில்ல. 1993ல ஹ்யூகோ விருதும் வாங்கின எபிசோட் இது.

சீசன் முழுக்க ஒரே கதை சொல்றது தப்புன்னு சொல்ல வரல. 'தி வயர்' (2002-2008) சீசனுக்கு ஒண்ணா துறைமுகம், பள்ளிக்கூடம், பத்திரிகைன்னு ஒரு ஊரையே பிரிச்சு மேஞ்சுது. அந்தக் கதைக்கு அவ்வளவு நீளம் தேவைப்பட்டுச்சு. ரெண்டு மணி நேரப் படத்துக்கான சரக்கைப் பத்து எபிசோடுக்கு இழுக்கறவங்களைப் பாத்தாதான் கடுப்பாகுது.

காரணமும் புரியாம இல்ல. அந்தக் காலத்துல அமெரிக்கத் தொடர்களை மறு ஒளிபரப்புக்கு உள்ளூர் சேனல்களுக்கு வித்தாங்க. எந்த வரிசைல போட்டாலும் புரியற எபிசோடுக்கு அங்க மவுசு. 2013ல 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனோட 13 எபிசோடையும் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாள்ல இறக்குச்சு. அந்த மாதிரி வியாபாரத்துக்கு நம்மள அடுத்த எபிசோடுக்குத் தள்ளி விடறதுதான் முக்கியம்.

நான் பொட்டி தட்டறவன். தனியா டெஸ்ட் பண்ண முடியாத மாட்யூலை எழுதிட்டு, "எல்லாத்தையும் சேர்த்தா ஓடும் சார்"னு சொன்னா எங்க டீம் லீட் சும்மா விடமாட்டார். எபிசோடுக்கும் அதே நியாயம்தானே?

தனித்தனிக் கதைன்னா பாத்திரம் வளராதுன்னு சிலர் சொல்வாங்க. 1993ல வந்த 'லெஸன்ஸ்' எபிசோட்ல பிக்கார்ட் அதே புல்லாங்குழலை வாசிக்கறார். முந்தினதைப் பாத்தவனுக்குக் கண்ணு கலங்கும். பாக்காதவனுக்கும் கதை புரியும். 2022ல ஆரம்பிச்ச 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இந்த வழிக்கே திரும்பி வந்துச்சு. வாரம் ஒரு கதை, பாத்திரங்களோட கவலை மட்டும் தொடரும்.

நேத்து போன்ல அப்பா கேட்டார், "அந்தக் குழல் கதை மாதிரி வேற ஏதாவது இருக்காடா?"

அடுத்த மாசம் திரும்ப வர்றார் மக்களே. உக்காந்த இடத்துல ஆரம்பிச்சு அங்கேயே முடியற நல்ல எபிசோட் தெரிஞ்சா சொல்லிட்டுப் போங்க. புண்ணியமா போகும்.